விரிசலை மறைத்துப் பூசிய சக்கரம்: பட்டறை மீது வழக்குத் தொடுக்கலாமா?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: கார்பன் ஃபைபர் சக்கரங்கள் பொருத்திய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருக்கிறேன், எங்கள் குடும்ப அரிசி மில்லின் பெயரில் அது பதிவாகியுள்ளது. நீடாமங்கலம் சாலையில் மதகை ஒட்டிய பள்ளத்தில் இறங்கியதில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் அடிபட்டன. சென்னைப் பட்டறை ஒன்று, “புதிது போலாக்கித் தருகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் உறுதி கூறி, முன்சக்கரத்தை 1,40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்து தந்தது. மூன்றே வாரத்தில் டயரில் காற்று இறங்கத் தொடங்கியது. பூச்சுக்கு அடியில் மயிரிழை போல ஒரு கோடும் தெரிகிறது. கேட்டால், பில்லின் பின்புறம் “வேலை முடிந்த பின் பொறுப்பில்லை” என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். முன்சக்கரத்தைத் திருப்பி அனுப்பினால் மறுபடி பார்த்துத் தருவார்களாம். அதற்கு 40,000 ரூபாய் கட்டும்வரை, இன்னும் கைவைக்காத பின்சக்கரத்தைத் தர மாட்டார்களாம். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலையாக, அந்த முன்சக்கரத்தைக் காரிலிருந்து கழற்றி வையுங்கள், எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் பட்டறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் வழக்கின் முதன்மைச் சாட்சி அந்தச் சக்கரம்தான். அதன் மீது மறுபடி ஒரு முறை உப்புத்தாள் ஓடினால், முதல் வேலை எப்படிச் செய்யப்பட்டது என்பதை எந்த நிபுணராலும் சொல்ல இயலாமல் போகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அந்தப் பொருளின் தன்மையே காரணம். அலுமினிய ரிம் பள்ளத்தில் அடிபட்டால் பெரும்பாலும் வளையும். வளைவு கண்ணுக்குத் தெரியும். கார்பன் ஃபைபர் சக்கரமோ ரெசின் என்னும் பிசினில் தோய்ந்த கார்பன் இழைகளை அடுக்கடுக்காகப் படிய வைத்து, வெப்பத்தில் இறுகச் செய்தது. அடிபட்டால் வளையாமல் விரியும், அல்லது மேற்பரப்பில் கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். மேற்பூச்சில் மட்டும் பட்ட சிராய்ப்பைத் தேய்த்து மெருகேற்றலாம். இழைவரை போன சேதத்துக்குப் பழுதடைந்த பகுதியைச் சரிவாகச் செதுக்கி எடுத்து, முன்பிருந்த அதே திசையில் புதிய இழைகளை இட்டு, வெற்றிட அழுத்தத்தில் இறுகவைக்க வேண்டும். அப்படிச் செய்த பிறகும் அந்தச் சக்கரம் முழு வேகத்தைத் தாங்குமா என்பதைச் சோதிக்காமல் எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: பட்டறை அந்த விரிசலைச் சரிசெய்ததா, அல்லது அதன் மேல் ரெசினும் வார்னிஷும் பூசி மறைத்ததா? பின்னதென்றால், அது சேவைக் குறைபாடு மட்டுமன்று. உயிரோடு விளையாடிய செயல்.

அதை நிறுவ, பட்டறையோடு தொடர்பில்லாத ஒருவரின் அல்ட்ராசோனிக் ஆய்வறிக்கை, அதாவது ஒலியலை செலுத்தி உட்புறத்தைச் சோதித்த அறிக்கை, தேவை. திருச்சி, திருவெறும்பூர்ப் பக்கம் கொதிகலன் பற்றவைப்புகளைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் எஃகில் ஒலியலை செல்வது வேறு, கார்பன் அடுக்குகளில் செல்வது வேறு. கார்பன் பொருள்களைச் சோதித்த அனுபவம் உண்டா என்று முதலில் கேட்டு, அந்த அனுபவத்தை அறிக்கையிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். சோதனைக்கு முன் சக்கரத்தை எல்லாக் கோணங்களிலும், அதில் பொறித்துள்ள எண்ணோடு சேர்த்துப் படமெடுத்து வையுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவு, முறையீட்டாளர் வசிக்கும் இடத்திலேயே முறையிட வழிசெய்கிறது. எனவே திருவாரூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் மனுக் கட்டணமும் இல்லை. கார் மில்லின் பெயரில் இருப்பதால், “இது வணிகப் பயன்பாடு, இவர் நுகர்வோரே அல்லர்” என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதிடும். நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கிய காரை வணிக நோக்கம் என்று தள்ள முடியாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் காரில் நெல் வியாபாரம் நடக்கவில்லை, குடும்பப் பயணத்துக்கே ஓடுகிறது என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் தெளிவாக எழுதுங்கள். மில்லையும் முறையீட்டாளராகச் சேர்ப்பது பாதுகாப்பு.

பில்லின் பின்புற வரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். பணம் வாங்கிச் செய்த வேலையில் கவனமின்மை இருந்தால், பின்னால் அச்சிட்ட ஒரு வரி அந்தப் பொறுப்பைத் துடைத்துவிடாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: அதை “நியாயமற்ற ஒப்பந்தம்” என்று அறிவிக்கக் கோராதீர்கள், அப்படிப்பட்ட முறையீடுகளை அச்சட்டம் மாநில ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. சேவைக் குறைபாடு என்ற அடிப்படையிலேயே நில்லுங்கள்.

பின்சக்கரத்தைப் பற்றிய அவர்கள் வாதம் சட்டத்தில் நிற்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆம் பிரிவின்படி, ஒப்படைக்கப்பட்ட பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தியவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை அந்தப் பொருளைப் பிடித்து வைக்கலாம். தையற்காரர் தைத்த சட்டையை வைத்துக்கொள்வது அந்த உரிமையில்தான். கைவைக்காத சக்கரத்துக்குக் கூலி ஏது? ஒரு சக்கரத்துக்கான பாக்கியைக் காட்டி இன்னொன்றைப் பிடிக்கவும் அப்பிரிவு இடந்தரவில்லை. உங்கள் விஷயத்தில் பாக்கி என்பதே இல்லை. குறித்த நாளுக்குள் திருப்பித் தருமாறு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். உரிய காலத்தில் தராவிட்டால், அதன்பின் அந்தச் சக்கரத்துக்கு நேரும் சேதத்துக்கும் 161-ஆம் பிரிவின்படி அவர்களே பொறுப்பு.

வாட்ஸ்அப் உரையாடலும் குரல்பதிவும் உள்ள கைபேசியை மாற்றிவிடாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம், 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்வது நல்லது. நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை என்றாலும், பின்னாளில் மேல்முறையீட்டில் ஓட்டை இருக்கக் கூடாது.

கோரிக்கையில் அளவு வேண்டும். கட்டிய 1,40,000 ரூபாய், ஆய்வுச் செலவு, பின்சக்கரம், மன உளைச்சலுக்கான இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். புதிய சக்கரத்தின் விலையைக் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனெனில் முதல் அடி பள்ளத்தில் விழுந்தது, பட்டறையில் அல்ல. தேய்த்த தேய்ப்பில் நல்ல இழைகளும் அறுபட்டன என்று ஆய்வறிக்கை சொன்னால் மட்டும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளலாம். குறைபாடு தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

காப்பீட்டில் எனக்கு அதிக நம்பிக்கையில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன்பே வேலை நடந்துவிட்டதால், முன்சக்கரத்துக்கு நிறுவனம் மறுக்கவே வாய்ப்பு அதிகம். கைபடாத பின்சக்கரத்துக்கு உடனே எழுதிக் கேளுங்கள். வழக்கமான பாலிசிகளில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும், கண்ணாடி இழைப் பாகங்களுக்கு 30 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். உங்கள் பாலிசியில் கார்பனுக்குத் தனி வரி இல்லையென்றால், எந்த விகிதத்தில், எதன் அடிப்படையில் கழிக்கிறார்கள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அதுவரை கார் ஓட வேண்டுமென்றால், தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு அனுமதித்த அளவிலுள்ள அலுமினியச் சக்கரங்களை நான்கிலும் பொருத்திக்கொள்ளுங்கள். மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.