வாசகர் கேள்விகள்: சட்டம் யாரைத் தேடி வரும்?

கேள்வி: பேஸ்புக்கில் என் மகளின் படத்தைப் போட்டுக் கண்டபடி எழுதினார்கள். இப்படியானவர்களைப் பிடிக்கத்தானே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது? பத்திரிகைக்காரர் நீங்கள் ஏன் அதை எதிர்க்கிறீர்கள்?
– ஒரு தாய், சண்டிலிப்பாய்

பதில்: அம்மா, உங்கள் மகளுக்கு நடந்தது குற்றம். செய்தவரைப் பிடிக்கத்தான் வேண்டும். பதிவுகளை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள், விடாதீர்கள்.

ஆனால் 2024 இல் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டம் உங்கள் மகளுக்கு நடந்தது போன்ற குற்றங்களோடு நின்றுவிடவில்லை. எது பொய்க் கூற்று என்று ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கலாம், அதை நீக்கச் சொல்லலாம், சில குற்றங்களுக்கு ஐந்து வருடம் வரை சிறை, அந்த ஐவரையும் நியமிப்பவர், அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலோடு, ஜனாதிபதி. வலிகாமத்தில் படையினர் காணி பிடிப்பதைப் பற்றி ஒரு பிராந்தியச் செய்தியாளர் எழுதினால், அது பொய் என்று முதலில் முறையிடப் போவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இது வெறும் பயம் இல்லை. குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்கவென்று 2007 இல் கொண்டுவந்த ஐசிசிபிஆர் சட்டத்தை வைத்துத்தான் 2019 இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை ஒரு சிறுகதைக்காக மாதக்கணக்கில் விளக்கமறியலில் வைத்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் குண்டு வைப்பவர்களுக்கு என்றார்கள். 2009 இல் அதே சட்டத்தின் கீழ் ஊடகவியலாளர் திசைநாயகத்துக்கு, எழுதிய கட்டுரைகளுக்காக, 20 வருடக் கடூழியச் சிறை. பிறகு பொது மன்னிப்புக் கிடைத்தது, அது வேறு.

சரி, எங்கள் ஆட்களைக் கொன்றவர்களை இந்தச் சட்டங்கள் என்ன செய்தன? ஊடகவியலாளர் நிமலராஜனை 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2006 மே 2 இல் யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு பணியாளர்களைக் கொன்றார்கள். ஒருவருக்கும் தண்டனை இல்லை. கொன்றவனைத் தேடாத அரசு, எழுதுகிறவனைத் தேட இன்னொரு சட்டம் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது அம்மா.

கேள்வி: எங்கள் போராட்டத்தைக் கேவலமாக எழுதுகிறவர்களுக்கும் கருத்துச் சுதந்திரமா, சேர்?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: ஓம் தம்பி, அவர்களுக்கும்தான். அரசாங்கம் வாயை மூடினால் அநியாயம், எங்கள் பக்கம் மூடினால் தேவை என்று நாங்கள் நிறையக் காலம் இருந்துவிட்டோம். எல்லாத் தரப்பின் மனித உரிமை மீறல்களையும் எழுதிய யாழ். பல்கலைக்கழக விரிவுரையாளர் டொக்டர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 இல் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது கொல்லப்பட்டது நீங்கள் இருக்கும் ஊரில்தான். ஆளை வெட்டு, கொளுத்து என்று தூண்டுவது குற்றம், அதை நான் கருத்தில் சேர்க்கவில்லை. மற்றது எதுவானாலும், பிடிக்காவிட்டால் ஆதாரத்தோடு மறுத்து எழுதி அனுப்புங்கள், இந்த இதழிலேயே போடுகிறேன்.