அம்மா அப்பா வெறும் பார்வையாளர்களா?

மூன்று வயது மகளுக்கு டிரிப் ஊசி போடும்போது எங்களை வெளியே நிற்கச் சொல்கிறார்கள். கூடவே இருக்கக் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். படுக்கவைத்து நாலு பேர் கைகாலை அமுக்கினால் எந்தக் குழந்தையும் திமிறத்தான் செய்யும். உங்கள் மடியில் நெஞ்சோடு நெஞ்சாக, கால்கள் உங்கள் இடுப்பின் இருபுறமும் வரும்படி உட்கார வையுங்கள். ஒரு கை உங்களைக் கட்டிக்கொண்டிருக்கட்டும். மறு கையில் நர்ஸ் நரம்பு தேடுவார். மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அது வேலை செய்யச் சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். குத்தியதும் குட்டு வெளிப்பட்டுவிடும், அடுத்த முறை நம்ப மாட்டாள். "சுருக்குனு இருக்கும், அம்மா பிடிச்சுக்கறேன்" போதும். ரத்தம் பார்த்தால் உங்களுக்குத் தலைசுற்றுமென்றால் வேறொருவரை அனுப்புங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பயிற்சிக் காலத்தில் நானும் தாய்மார்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தியவன்தான். அவர்கள் பார்த்தால் என் கை நடுங்கும், அதுதான் காரணம்.

நான் வார்டுக்குள் வந்தாலே மகன் அழுகிறான். இல்லாதபோது சமர்த்தாக இருக்கிறானாம். வருவதைக் குறைத்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். இதே தவறைத்தான் அந்தக்கால மருத்துவமனைகளும் செய்தன. அழுது ஓய்ந்த பிள்ளையை 'பழகிவிட்டான்' என்று எழுதிவைத்தார்கள். அது நிம்மதியல்ல, நம்பிக்கை விட்டுப்போன அமைதி என்று 1950களில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் பிரிட்டனில் படம் பிடித்தே காட்டினார். 1959இல் அங்கு மருத்துவமனைக் குழந்தைகளின் நலன் பற்றி அரசுக் குழு ஒன்று வெளியிட்ட பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைகளோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. உங்களைக் கண்டதும் அழுவது, அடக்கிவைத்ததைக் கொட்ட ஆள் கிடைத்ததால். கிளம்பும்போது மட்டும் அவன் தூங்கும் நேரம் பார்த்து நழுவாமல், சொல்லிவிட்டுப் போங்கள்.

குறைப்பிரசவக் குழந்தை, எடை ஒன்றரைக் கிலோ. இன்குபேட்டரிலிருந்து எடுத்து நெஞ்சில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். ஆனால் இது புதுச்சோதனை அல்ல. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் தட்டுப்பாட்டில் பிறந்த யோசனை இது. கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல், பிறந்த கையோடு இதைத் தொடங்கியபோது முதல் 28 நாள் மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் காட்டியது. நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, கை கழுவி உட்காருங்கள். குழந்தையின் தலை ஒருபக்கம் திரும்பி, முகவாய் சற்றே நிமிர்ந்திருக்கட்டும்; மூச்சுப்பாதை மடங்காது. உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது எழாதீர்கள். அடிக்கடி தூக்கி மாற்றுவதுதான் அதற்கு அலுப்பு. அப்பாவும் செய்யலாம்.

ரவுண்ட்ஸில் டாக்டர் பேசுவது பாதி புரிவதில்லை.

"நான் புரிந்துகொண்டது சரியா?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். முந்தைய இரவு எப்படித் தூங்கினான், எத்தனை முறை சிறுநீர் போனான் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஏழு வயது அக்கா, ஐசியூவில் இருக்கும் தம்பியைப் பார்க்கக் கேட்கிறாள்.

சளி, காய்ச்சல் இல்லையென்றால் வார்டில் அனுமதி கேட்டு அழைத்துப் போங்கள். முதலில் அவன் இப்போதிருக்கும் போட்டோவைக் காட்டி, எந்தக் குழாய் எதற்கு என்று சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் போரடித்து "போலாமா?" என்றால் கூட்டி வந்துவிடுங்கள்.