கடிதமா, காகிதமா?

கேள்வி: பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். சீனம், ஜப்பானியம் இரண்டில் ஒன்றைக் கற்க ஆசை. எது சுலபம்? இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான் என்கிறார்களே, ஒன்றைப் படித்தால் இன்னொன்று இலவசமாக வந்துவிடுமா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முகம் நீலமாகிவிடும். போன ஆடியில் ஒரு ஜவுளிக்கடையில் (பெயர் வேண்டாம்) இரண்டு வேட்டி எடுத்தால் ஒரு துண்டு இலவசம் என்றார்கள். எடுத்தேன். அந்தத் துண்டு முகத்திலிருந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளவில்லை, தன்னிடமிருந்த சாயத்தை முகத்துக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு நாள் அலுவலகத்தில் என்னைக் கிருஷ்ண பரமாத்மாவாகப் பார்த்தார்கள். பில்லோடு போய்க் கேட்டேன். "சார், அது ஃப்ரீதானே?" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் என்ன பேசுவது?

சீன எழுத்தோடு வரும் ஜப்பானியமும் அந்தத் துண்டு ரகம்தான். 'கை' என்று ஓர் எழுத்து, 'காகிதம்' என்று ஓர் எழுத்து. இரண்டையும் சேர்த்து எழுதினால் ஜப்பானில் 'கடிதம்'. சீனாவில் அதுவே கழிப்பறையில் பயன்படும் காகிதம். எனக்கு வரும் வாசகர் கடிதங்களில் சிலவற்றைப் பிரிக்கும்போது சீனர்கள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். உங்கள் கடிதம் அதில் சேராது, கவலை வேண்டாம்.

இன்னொரு சொல். ஜப்பானியர்கள் 'பெங்க்யோ' என்று படித்தால் 'படிப்பு' என்று பொருள். அதே இரண்டு எழுத்துகளைச் சீனர்கள் 'மனமில்லாமல், வேறு வழியின்றிச் செய்வது' என்று புரிந்துகொள்வார்கள். பொறியியல் கடைசி வருடத்தில் இருக்கும் உங்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஜப்பானில் 'மகள்' என்று படிக்கும் எழுத்துக்குச் சீனத்தில் 'தாய்' என்று பொருள் உண்டு. பெற்ற மகளையே "வாம்மா, உட்காரும்மா" என்று கூப்பிடும் நமக்கு மட்டும்தான் இதில் குழப்பமில்லை.

எழுத்து ஒன்றுதான் என்பதும் பாதி உண்மை. சீனா 1956-ல் தன் எழுத்துகளைச் சுருக்கத் தொடங்கியது. ஜப்பான் அதற்கு முன்பே தன் வழியில் சுருக்கிக்கொண்டது. தைவான் சுருக்கவே இல்லை. சீனத்தில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஓர் உச்சரிப்பு. ஜப்பானில் அப்படியில்லை. 'உயிர், பிறப்பு, பச்சை' என்றெல்லாம் பொருள் தரும் ஓர் எழுத்தைப் பத்துக்கும் மேற்பட்ட விதமாகப் படிக்கிறார்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் இப்படி 2,136 எழுத்துகள். அதற்கு மேல் ஒலியை மட்டும் காட்டும் எழுத்து வரிசைகள் இரண்டு: ஹிராகானா 46, கத்தகானா 46. நாம் 247 என்று மலைத்துப்போய் எழுத்துச் சீர்திருத்தம் பேசியவர்கள்.

சரி, ஜப்பானியத்தில் நமக்கு என்ன லாபம்? இலக்கணம். 'தபெதெ மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. மிரு என்பது கண்ணால் பார்க்கிற அதே 'பார்'தான். 'கத்தெ ஒகு' என்றால் 'வாங்கி வை'. 'மொத்தெ குரு' என்றால் 'கொண்டு வா'. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். வாக்கியத்தின் வாலில் 'கா' சேர்த்தால் கேள்வி, நாம் 'ஆ' சேர்ப்பதுபோல. ஆங்கிலத்துக்காரர்கள் தலைகீழாக நின்று கற்பதை நாம் நேராக நின்றே கற்கலாம்.

இதைப் படித்ததும் சிலர் பேனாவை எடுத்திருப்பார்கள். வையுங்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று வருடக்கணக்காக உழைத்து எழுதினார். உழைப்புக்கு வணக்கம். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கொரியத்திலும் துருக்கியிலும்கூட வினை கடைசியில்தான் வருகிறது. எங்கள் தெருவில் ஏழு வீட்டில் ஒரே மாதிரி கேட் போட்டிருக்கிறார்கள். ஏழு பேரும் பங்காளிகள் இல்லை, இரும்புப் பட்டறைக்காரர் ஒருவர்.

சீனத்தில் இலக்கணம் லேசு. வினைக்குக் காலம், பால், எண் காட்டும் விகுதி கிடையாது. கஷ்டமெல்லாம் ராகத்தில். 'மா' என்பதை ஒரு விதமாகச் சொன்னால் அம்மா, இன்னொரு விதமாகச் சொன்னால் குதிரை என்பது எல்லோரும் சொல்லும் கதை. நமக்கும் மா என்றால் குதிரைதான். விலங்கும் மாமரமும் நில அளவும் அரிசி மாவும்கூட அதுதான். எல்லாவற்றையும் ஒரே ராகத்தில் சொல்லிச் சமாளிக்கிறோம். சீனத்தில் அந்தச் சலுகை இல்லை. 'மாய்' என்று இறக்கி ஏற்றினால் 'வாங்கு', சட்டென்று இறக்கினால் 'வில்'. துண்டு வாங்கப் போய் வேட்டியை விற்றுவிட்டு வரும் அபாயம் உண்டு.

அப்புறம், ழ. மலையாளத்திலும் ழ உண்டு என்று முன்பு இதே பக்கத்தில் எழுதியதற்கு வந்த வசவுகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. இன்று இன்னும் கொஞ்சம் சேரட்டும். சீனர்களிடமும் ஏறத்தாழ நம் ழகரம் இருக்கிறது, கொஞ்சம் உரசலோடு. மனிதனுக்கு 'ழென்' என்கிறார்கள். ஜப்பானுக்கே அவர்கள் வைத்த பெயர் 'ழிபென்'. ஜப்பானியர்களுக்கோ ர, ல வித்தியாசம்கூடக் கிடையாது. வாளைப்பளம் தின்றுகொண்டே 'தமிழுக்கே உரிய சிறப்பு ழகரம்' என்று எனக்கு எழுதுகிறவர்கள் பெய்ஜிங்குக்கு ஒரு நடை போய்வரலாம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதர்களைத் தயார்செய்ய இந்த இரண்டு மொழிக்கும் தலா 2,200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. தமிழுக்கு 1,100. எங்கள் அலுவலகத்துப் பிழை திருத்துநர் முப்பது வருடமாக இன்னும் 1,100-ஐ முடிக்கவில்லை.

உங்களுக்கு ஜப்பானியம். வாசல் அகலம், உள்ளே போனபின் எழுத்து கழுத்தைப் பிடிக்கும், அதற்குள் ருசி பட்டிருக்கும். ஜூலையிலும் டிசம்பரிலும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நடக்கிறது. கீழ்ப்படியான ஐந்தாம் நிலையை எழுதிவிட்டு எப்படி இருந்தது என்று ஒரு கடிதம் போடுங்கள். ஜப்பானியப் பொருளில்.