அம்மாவின் மஞ்சள் தண்ணீர்

அன்புள்ள அக்கா,

சொதி பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மஞ்சள் கூடினால் சொதி மருந்தாகிவிடும்" என்ற இடத்தில் அம்மா சிரித்தார். "மருந்தானால் நல்லதுதானே" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தம் இருக்கிறது. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று, இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்பரின் குளிசையும் எடுக்கிறார். ஆறு மாதமாக விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைச் சுடுதண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார். வட்ஸ்அப்பில் வந்த யோசனை. இது போதாதென்று மெல்பேர்னில் இருக்கும் தம்பி மஞ்சள் குளிசைப் போத்தல் ஒன்று அனுப்பியிருக்கிறான், மிளகுச் சத்தும் சேர்த்ததாம். இன்னும் திறக்கவில்லை. போன கிழமை காலில் சின்னக் காயம். அதற்கும் மஞ்சளைக் குழைத்துப் பூசினார். நான் ஏதாவது சொன்னால், "எங்கட ஆக்கள் காலங்காலமாய்ச் செய்தது" என்று வாயை அடைத்துவிடுகிறார்.

மஞ்சளால் உண்மையில் என்ன நன்மை? சமையலில் எப்போது, எவ்வளவு போட வேண்டும்? கொழும்பில் நல்ல மஞ்சளை எப்படிப் பார்த்து வாங்குவது? மல்லியோடு அவிக்கும் வெனிவெல்லும் மஞ்சள்தானா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

பி.கு.: பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் மஞ்சள் கறை பட்டுவிட்டது. சவர்க்காரம் போட்டதும் சிவந்துபோனது. சேலை அவ்வளவுதானா?

*

அன்புள்ள தங்கைக்கு,

மற்றக் கேள்விகள் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் அந்தப் போத்தல். அதைத் திறக்க வேண்டாம்.

நான் வைத்தியர் இல்லை. ஆனால் வார்பரின் எடுப்பவர் வீட்டில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 இல் நியூசிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. வார்பரினில் நிலையாக இருந்த ஒருவர், மஞ்சள் சேர்ந்த ஒரு தயாரிப்பை எடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10 ஐத் தாண்டிவிட்டது. அம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு முறையும் எழுதித் தருகிறார்களே, அந்த எண்தான்; அது கூடக் கூட இரத்தம் உறையப் பிந்தும். துடிப்புக் கோளாறுக்குப் பெரும்பாலும் அதை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். 10 என்றால் உடம்புக்குள் எங்கே இரத்தம் கசியும் என்று யாரும் சொல்ல முடியாது.

காலைத் தண்ணீரைப் பற்றியும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், தவணை வரும்வரை காத்திராமல் இந்தக் கிழமையே. நிறுத்துவதையும் அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆறு மாதமாக அது உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. குளிசையின் அளவை அதையும் சேர்த்துத்தான், தெரியாமலே, அமைத்திருக்கக்கூடும்.

காயத்துக்கும் அதே கதைதான். சீனி வருத்தக்காரரின் காலில் சின்னக் காயம் என்று ஒன்று கிடையாது. மஞ்சள் பூசினால் தோல் சிவப்பதும் கறுப்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். "காலங்காலமாய்" என்று அம்மா சொல்வதற்கு ஒரு வழக்கே உண்டு. மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995 இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. இந்திய அரசின் அறிவியல் ஆய்வு மன்றம் பழைய நூல்களையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டு எதிர்த்தது. 1997 இல் காப்புரிமை ரத்தானது. நம்மவர்கள் இதை மஞ்சளின் வெற்றியாகச் சொல்லுவார்கள். ஆனால் அங்கே நிரூபித்தது அது புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பதைத்தான். புண்ணை ஆற்றுமா என்பது அந்த வழக்கில் கேள்வியே இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் எல்லாக் குழப்பமும் அளவில்தான் இருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். நல்ல தூளில் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு. ஐந்து பேருக்கு வைக்கும் பருப்புக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் ஓர் ஆளுக்கு 10 மில்லிகிராம் அளவில் கிடைக்கும். அம்மா குடிக்கும் ஒரு தேக்கரண்டியில் 90 மில்லிகிராம் அளவு. கடையில் விற்கும் குளிசைகளில் ஒன்றிலேயே 500 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை என்று எல்லை வைத்திருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு 180. பருப்புக் கறி எங்கே, குளிசை எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் அந்த மிளகுச் சத்து. குர்குமின் தனியாக வயிற்றுக்குள் போனால் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பெங்களூரில் செய்து 1998 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரீன் 20 மில்லிகிராம் கொடுத்தபோது உறிஞ்சப்படுவது இருபது மடங்கானது. விளம்பரங்கள் எல்லாம் இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன. உடம்பு வெளியே தள்ளப் பார்ப்பதை உள்ளே தங்கவைத்தால் நன்மை மட்டும் தங்கும் என்று யார் சொன்னது? ஈரல் பாதிப்புக்காக 2019 இல் இத்தாலியிலும் 2023 இல் அவுஸ்திரேலியாவிலும் சுகாதார அதிகாரிகள் இத்தகைய குளிசைகளைப் பற்றி எச்சரித்தார்கள். தம்பி இருக்கும் நாடுதான். அவனையே தேடி வாசிக்கச் சொல்லுங்கள். பித்தக்கல், சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கும் அளவு கூடிய மஞ்சள் ஆகாது.

அப்படியானால் நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயில் குர்குமின் வீக்கத்தைக் குறைக்கும், கிருமியைத் தடுக்கும், புற்றுநோய்க் கலத்தையும் கொல்லும். ஆனால் அது பல புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், தானே ஒளிரும். அதனால் சோதனைக் கருவிக்கே பொய்ச் சாட்சி சொல்லக்கூடியது. 120க்கு மேற்பட்ட மனிதப் பரிசோதனைகள் நடந்தும் உறுதியான மருந்தாக அது எழுந்து நிற்கவில்லை என்று 2017 இல் மருந்து வேதியியலாளர்கள் எழுதினார்கள். முழங்கால் தேய்மான வலிக்கு ஓரளவு உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, அதை மறுக்க மாட்டேன். கறியில் போடும் மஞ்சள் யாரையும் குணப்படுத்துகிறது என்று நான் நம்பவில்லை. கறி நன்றாக இருக்கிறது. எனக்கு அது போதும்.

குசினிக்குள் வந்தால்தான் எனக்கும் எழுத உற்சாகமாக இருக்கிறது. மஞ்சள் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் தேங்காய்ப்பாலிலும்தான் இறங்கும். அம்மாவின் கோப்பையடியில் மண்டி தங்குவது இதனால்தான். வெங்காயம் வதங்கும்போது எண்ணெயில் சேர்த்தால் பச்சை வாசம் போய் மண்வாசம் மாதிரி ஒன்று வரும். எரியவிடக் கூடாது, கசக்கும். சொதிக்குக் கப்பிப்பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் அவியும்போதே இரண்டு விரலால் கிள்ளும் அளவு மஞ்சள். முதற்பால் விட்டு நுரை கட்டியதும் இறக்கி, பிறகு தேசிக்காய்ப்புளி. இரண்டு கிள்ளு போட்டால் நிறம் கடைக்காரச் சொதி மாதிரி ஆகிவிடும், வாசமும் கெடும். மைசூர்ப் பருப்புக்கு ஆரம்பத்திலேயே, உள்ளியோடு. மீனுக்கு மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பொரித்தால் வெடுக்கு அடங்கும். யாழ்ப்பாணத்துத் தூள் போடும் கறிக்குத் தனியாக மஞ்சள் வேண்டாம், தூளிலேயே இருக்கிறது. கீரைக்கு நான் போடுவதில்லை. போடுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

என் அம்மம்மா பிள்ளைப்பெற்ற வீட்டுக்குச் சரக்குக் கறி வைப்பார். மஞ்சள், மல்லி, மிளகு, சீரகம், உள்ளி, இஞ்சி எல்லாம் அம்மியில் அரைத்து, நல்லெண்ணெய் விட்டு. மஞ்சளோடு மிளகும் எண்ணெயும்! பார்த்தீர்களா, முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்று இதை வைத்து ஒரு கூட்டமே எழுதும். அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் மிளகில்லாமல் அது கறியா என்றுதான் திட்டியிருப்பார்.

வெனிவெல் மஞ்சளுக்கு உறவே இல்லை. தமிழில் மரமஞ்சள் என்று பெயர் இருப்பதால் வந்த மயக்கம் அது. காட்டுக் கொடியின் தண்டு; அதன் மஞ்சள் நிறம் பெர்பெரின் என்ற வேறொரு பொருளால் வருவது. அம்மா அதையும் குடிப்பதாக இருந்தால் கிளினிக் பட்டியலில் அதையும் சேருங்கள்.

வாங்குவது பற்றி எனக்குப் பட்ட பாடு இருக்கிறது. 2020 இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, கிலோ சில நூறு ரூபாவுக்கு விற்றது ஆயிரக்கணக்கில் ஏறியதே, நினைவிருக்கும். நோய்க்காலம் வேறு, எங்கள் தொடர்மாடியில் வாசலுக்கு வாசல் மஞ்சள் தண்ணீர். கற்பிட்டிக் கரையிலும் மன்னாரிலும் கஞ்சாவைப் போல மஞ்சள் மூட்டைகள் பிடிபட்டுக்கொண்டிருந்தன. அந்த நாட்களில் ஒரு கடையில் 50 கிராம் தூளை நகை வாங்குவது போல நிறுத்து வாங்கினேன். பருப்பு நல்ல மஞ்சளாக வந்தது. வாசம் மட்டும் இல்லை, சட்டியின் அடியில் கஞ்சிபோல ஏதோ பிடித்திருந்தது. அரிசிமாவும் சாயமும் என்றுதான் நினைக்கிறேன். அன்றிலிருந்து தூளாக வாங்குவதில்லை.

புறக்கோட்டையில் விரலி மஞ்சளாக வாங்குங்கள். முறித்தால் டக்கென்று முறிய வேண்டும், உள்ளே செம்மஞ்சளாக இருக்க வேண்டும். வெளியே பளபளவென்று கண்ணைப் பறித்தால் எனக்குச் சந்தேகம் வரும். வங்காளதேசத்தில் கிழங்குக்கு மினுக்கம் ஏற்ற ஈயக் குரோமேற் பூசிவந்தார்கள். 2019 இல் எடுத்த சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. அரசு இறங்கி ஆலைகளைச் சோதித்துத் தண்டம் அடித்த பிறகு, 2021 இல் ஒன்றிலும் இல்லை. அதிகாரிகள் நினைத்தால் இரண்டே வருடத்தில் முடிகிற வேலை என்பதற்காகச் சொல்கிறேன். ஈயத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. சாயத்தை ஓரளவு முடியும்: ஒரு கிளாஸ் தண்ணீரில் தூளைத் தூவிக் கலக்காமல் விடுங்கள். நல்லது அடியில் போய்ப் படியும், மேல் தண்ணீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும். சாயம் என்றால் தண்ணீர் முழுதும் கடும் மஞ்சளாகும். அயடீன் விட்டு மாவைப் பிடிக்கலாம் என்பார்கள், அது வீண்வேலை. மஞ்சள் கிழங்கிலேயே மாப்பொருள் இருக்கிறது.

விரலியைக் கழுவி இரண்டு நாள் காயவைத்து, இடித்து உடைத்து, மில்லில் கொடுத்துப் பக்கத்தில் நின்று அரைப்பியுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிட்டு வாருங்கள். கால் கிலோ போதும், மூடி இறுக்கமான போத்தலில், வெளிச்சம் படாமல்.

சேலை போகவில்லை. சவர்க்காரம் காரத்தன்மை உள்ளது, அதாவது புளிக்கு எதிரானது; மஞ்சள் அதோடு சேர்ந்தால் சிவக்கும். ஆலாத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதேதான். தேசிக்காய்ப்புளி இரண்டு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும். பிறகு நன்றாக அலசி, ஈரத்தோடு நேர் வெயிலில் விரித்துப் போடுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது, இரண்டு மூன்று வெயிலில் கறை மங்கும். உங்கள் பல்கனியில் வெயில் விழாவிட்டால் மொட்டைமாடிச் சாவியை வாங்குங்கள்.

அன்புடன்,
அக்கா