இலை மஞ்சளான கச்சோலத்தைப் பிடுங்கி எறியலாமா?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொடர்வீட்டில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: காலைச் சந்தையில் வாங்கிய கச்சோலத்தை, அதாவது மலாய்க்காரர்கள் செக்கூர் என்னும் செடியை, சமையலறைப் பின்புறத் தொட்டியில் நட்டேன். முதலில் இலை ஓரங்கள் கருகின. ஜனவரியில் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. தினமும் இருவேளை நீர் ஊற்றியும் பயனில்லை. செடி செத்துவிட்டதா? இதன் கிழங்குச் சாற்றைச் சளி பிடித்த என் எட்டு மாதப் பேரனுக்குக் கொடுக்கலாமா?

பெரும்பாலும் செடி சாகவில்லை. ஆனால் இருவேளை ஊற்றும் நீர் அதைச் சாகடித்துவிடக்கூடும். கச்சோலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. மரநிழலில், இலைமக்கு நிறைந்த தரையில் வாழும் இயல்புடையது. தண்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று அகன்ற இலைகளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து வைக்கும். அவற்றின் நடுவே ஊதாப் புள்ளியிட்ட வெள்ளைப் பூ காலையில் ஒவ்வொன்றாக விரிந்து அன்றே வாடிவிடும். மழை குறையும் பருவத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு, சேமித்த உணவோடு கிழங்கு மண்ணுக்குள் உறங்குவது அதன் வழக்கம். பினாங்கில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு என்பதால் உங்கள் செடி ஜனவரியில் சாய்ந்ததில் வியப்பில்லை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் கோலாலம்பூரில் இந்த உறக்கம் அவ்வளவு தெளிவாகத் தெரியாமலும் போகலாம்.

ஊகித்துக்கொண்டிராமல் மண்ணை விரலால் விலக்கிக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து, தோலை நகத்தால் கீறியதும் கற்பூரம் கலந்தாற்போன்ற காரமான மணம் எழுந்தால் அது உறங்குகிறது. நீரை நிறுத்திவிட்டு, மண் முற்றிலும் காய்ந்துபோகாதபடி எப்போதாவது சிறிது தெளித்தால் போதும். கிழங்கு கொழகொழத்து நாற்றமடித்தால் அது அழுகல். இலைகள் பச்சையாக இருக்கும்போதே சுருண்டு வாடியிருந்தால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும்: கிழங்கை வெட்டி, அந்தத் துண்டைக் கண்ணாடிக் குவளை நீரில் அசைக்காமல் பிடித்தால், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை மெல்ல இறங்கும். அப்படி இறங்கினால் செடியையும் மண்ணையும் கழித்துவிடுங்கள். அந்த மண்ணில் இஞ்சி, மஞ்சள் மட்டுமல்ல, மிளகாய், தக்காளி, கத்தரியும் நடக்கூடாது.

இலை ஓரம் கருகியது வேறு சங்கதி. அது பிற்பகல் வெயிலின் வேலை. மேற்குச் சுவரை ஒட்டிய சிமெண்டுத் தரையில், மேலிருந்து வரும் வெயிலோடு கீழிருந்து எழும் சூடும் சேர்ந்து அந்த மெல்லிய இலைகளை வாட்டும். காலை வெயில் சிறிது நேரம் பட்டு, மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடமே ஏற்றது; இல்லையென்றால் பாதி வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலை கட்டலாம். நிழல் பிடிக்கும் என்பதற்காக இருட்டு மூலையில் வைத்துவிடாதீர்கள். அங்கே இலை பெரிதாக வருமே தவிர, கிழங்கு பருக்காது.

ஏப்ரல் வாக்கில் மழை கூடி, சுருட்டிய முளை மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளிவந்த பிறகுதான் வழக்கமான நீர். அதற்குள் மண்ணையும் மாற்றிவிடுங்கள். ஆழமான தொட்டியைவிட ஒரு சாண் ஆழமுள்ள அகலத் தொட்டி நல்லது. தோட்ட மண்ணோடு மணலும் மக்கிய உரமும் கலந்து, முளைக்கண் உள்ள துண்டை 4 அல்லது 5 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். இலை தரையில் கிடப்பதால் நத்தைக்குக் கொண்டாட்டம். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதை விஞ்சிய மருந்து எனக்குத் தெரிந்து கிடையாது.

சமையலில் இளம் இலைக்குத்தான் மதிப்பு. நாசி உலாமுக்கு (உலாம் எனப்படும் பச்சிலைகளை அரிந்து கலக்கும் மலாய்ச் சோறு) அதை நூல்போல் மெல்லியதாக அரிய வேண்டும்; தடிமனாக அரிந்தால் அந்தக் காரமணம் மற்ற இலைகளின் சுவையை அமுக்கிவிடும். கிழங்குக்கு ஏழெட்டு மாதம் பொறுங்கள். இலை பழுத்துச் சாயும் தருணமே அகழ்வதற்கும் ஏற்றது. நர்சரிகளில் அழகுக்காக விற்கப்படும், இலையில் வெண்கல நிறக் கோலமும் ஊதாப் பூவும் கொண்ட செடி இதன் உறவினம்தான் என்றாலும், அதை உலாமில் சேர்க்காதீர்கள்.

பேரனுக்குச் சாறு வேண்டாம். சித்த மருத்துவத்தில் கச்சோலத்துக்கு இடம் உண்டு, பிள்ளை பெற்ற மலாய்த் தாய்மார்கள் இதை உலாமாகச் சாப்பிடுவதும் உண்டு, ஆனால் அதை வைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட முடியாது. கிழங்கில் எத்தில் பாரா-மெத்தாக்ஸி சின்னமேட் உள்ளிட்ட செறிவான மணப்பொருள்கள் இருக்கின்றன. கையால் பிழிந்த சாற்றில் அவை எவ்வளவு இறங்கியிருக்கும் என்று வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. எட்டு மாதக் குழந்தைக்குச் சளியோடு காய்ச்சலோ, பால் குடிக்கத் திணறலோ, மூச்சுவிடும்போது விலா உள்வாங்குவதோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.