‘ஹீ ஹேஸ் கேம் எஸ்டர்டே’ என்பது ஏன் தவறு?

‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்னும் ஆங்கிலக் கால அமைப்புக்கான ‘ஹேவ் அல்லது ஹேஸ், அடுத்து வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம்’ என்ற விதி மனப்பாடமாகத் தெரிந்தும், ‘ஹீ ஹேஸ் கேம் எஸ்டர்டே’ என்று நீங்கள் எழுதியது ஏன் தவறாயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல, வேலைக்கு வந்த பிறகு ஆங்கிலத்தில் கடிதம் எழுத நேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

பணியில் சேர்ந்த புதிதில், ‘ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே’ என்று ஒரு குறிப்பு எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் ‘ஹேவ்’ என்ற சொல்லின் மீது மட்டும் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து, காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். ‘எஸ்டர்டே’ வந்தால் ‘ஹேவ்’ கூடாது என்று நானாக ஒரு பாடம் கற்றுக்கொண்டு, அடுத்த வாரமே ‘ஐ ரிட்டன் டு தெம் எஸ்டர்டே’ என்று எழுதினேன். அந்தத் தாள் மேசைக்கு மேசை போய், எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் என்னிடம் வந்தது. ‘சென்ட்’ என்பது, தனியே நின்று இறந்தகாலம் காட்டும் இரண்டாம் வடிவமாகவும், ‘ஹேவ்’ உடன் வரும் மூன்றாம் வடிவமாகவும் இருப்பதால் முதல் வாக்கியம் ஒரே கோட்டில் சரியாகிவிட்டது. ‘ரைட்’ என்பதற்கோ இரண்டாம் வடிவம் ‘ரோட்’, மூன்றாம் வடிவம் ‘ரிட்டன்’ என்பதால், ‘ஹேவ்’ போனால் அதுவும் ‘ரோட்’ என்று மாறியாக வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் கோடு மட்டும் கிழித்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அமைப்பில் வேறு சிக்கல் இல்லை. ஹீ, ஷீ, இட், ஒருமைப் பெயர்கள் ஆகியவற்றுக்கு ‘ஹேஸ்’, மற்றவற்றுக்கு ‘ஹேவ்’. எதிர்மறைக்கு அதன்பின் ‘நாட்’ வரும், கேள்விக்கு ‘ஹேவ்’ எழுவாய்க்கு முன்னே போகும். ‘வாக்’ போன்ற ஒழுங்கான வினைகளில் இரண்டாம், மூன்றாம் வடிவங்கள் இரண்டுமே ‘வாக்ட்’ என்பதால் தவறு வெளியே தெரியாது. ‘கோ, வென்ட், கான்’, ‘ஈட், ஏட், ஈட்டன்’ போன்றவைதான் காட்டிக்கொடுக்கும்.

உண்மையான இடறல் நம் மொழிப்பழக்கத்தில் இருக்கிறது. ‘வந்திருக்கிறான்’ என்பதை அப்படியே ‘ஹேஸ் கம்’ என்று மாற்றிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பொருந்தியும் விடுகிறது. ஆனால் காலையில் ஈரத் தரையைப் பார்த்து ‘நேற்று இரவு மழை பெய்திருக்கிறது’ என்று நாம் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. அங்கே ‘இருக்கிறது’ என்பது கண்ட அடையாளத்திலிருந்து ஊகித்ததைக் காட்டுகிறது. ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ இந்த வேலையைச் செய்வதில்லை. அது கடந்ததை இப்போதைய நிலையோடு இணைப்பதால், ‘எஸ்டர்டே’, ‘லாஸ்ட் நைட்’, ‘இன் 2010’ என்று முடிந்துபோன நேரத்தைச் சுட்டும் சொல்லோடு சேராது. ‘டுடே’, ‘திஸ் வீக்’ போன்றவை இன்னும் முடியாதவை என்பதால் அவற்றோடு சேரும்.

அமெரிக்கர்கள் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று ‘ஹேவ்’ இல்லாமலே பேசுகிறார்களே என்று யாரேனும் இங்கே வாதிட வரலாம். மறுக்கவில்லை, பிரித்தானிய வழக்கில் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்பார்கள், அமெரிக்க வழக்கில் இரண்டும் செல்லும். ஆனால் ‘எஸ்டர்டே’யோடு ‘ஹேவ்’ சேர்ப்பது இரு வழக்குகளிலும் தவறாகவே கொள்ளப்படும்.

உங்கள் வாக்கியத்தில் தவறு இரண்டு. ‘கம், கேம், கம்’ என்று மூன்றாம் வடிவம் முதல் வடிவத்துக்கே திரும்புவதால் ‘ஹேஸ் கேம்’ என்பது எந்த இடத்திலும் வராது; ‘ஹேஸ்’ உடன் ‘எஸ்டர்டே’ சேர்ந்தது இரண்டாவது தவறு. வந்தது எந்த நாள் என்று சொல்ல வேண்டுமானால் ‘ஹீ கேம் எஸ்டர்டே’ என்றும், அவர் இப்போது இங்கே இருக்கிறார் என்பதே செய்தியானால், ‘எஸ்டர்டே’யை விட்டுவிட்டு ‘ஹீ ஹேஸ் கம்’ என்றும் எழுதுங்கள்.