டாக்டரிடம் கேளுங்கள்: தாடை அறுவைக்குப் பின் அழுகை

கேள்வி: முன்தள்ளிய கீழ்த்தாடைக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முகம் வீங்கிக் கிடக்கிறது. கீழுதடு மரத்துப்போய், பால் வழிவதுகூடத் தெரிவதில்லை. "நன்றாகத்தானே இருந்தாய், எதற்கு முகத்தில் கை வைத்தாய்?" என்கிறார் மாமி. தனியாக இருந்தால் அழுகிறேன். மனநல மருத்துவரைப் பார்க்கட்டுமா என்றால் உம்மா பதறுகிறார்.
- பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்: முதலில் மாமிக்கு. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்காத வாயால் ஒரு பரோட்டாவைக் கடித்துப் பிய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழகுக்காக மட்டும் யாரும் மாதக்கணக்கில் பல்லில் கம்பி சுமப்பதில்லை.

இனி உங்களுக்கு. முதல் சில வாரங்களில் மனம் சோர்வதை என் நோயாளிகளிடம் வழக்கமாகப் பார்க்கிறேன். கையெழுத்து வாங்கும்போது ரத்தப்போக்கைச் சொல்லும் மருத்துவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. எங்கள் தொழிலின்மேல் எனக்குள்ள கோபங்களில் இது ஒன்று. வலி, கெட்ட தூக்கம், தாடைகளைச் சேர்த்துப் பிடிக்க ரப்பர் வளையம் மாட்டிய வாய், இறங்கும் எடை எல்லாம் சேர்ந்து அழுத்தும். வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டுகூடச் சிலரின் மனநிலையை ஆட்டிவைக்கும்.

வீக்கத்தில் பெரும்பகுதி சில வாரங்களில் வடியும். மீதி வடிய 6 மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம். அதுவரை கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். உதட்டு மரப்பு, தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு இழுபட்டதால் வருவது. உணர்ச்சி பெரும்பாலும் மெல்லத் திரும்பும். சிலருக்கு மரப்பு கொஞ்சம் நிலைத்தும்விடும், அதை மறைக்க மாட்டேன். அடுத்த பரிசோதனையில் உணர்ச்சி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.

நோன்புக் கஞ்சிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஏன் வெறும் பாலில் காலம் தள்ளுகிறீர்கள்? கறியோடு வேகவைத்து, அரைத்து, வடிகட்டிக் குடியுங்கள். பட்டினி கிடந்தால் மனமும் சேர்ந்து விழும்.

உம்மாவின் பதற்றம் புரிகிறது. நம் கடற்கரையில் மனநலம் என்றாலே ஏர்வாடியைச் சொல்லிக் கேலி செய்வார்கள். 2001-இல் அங்கே மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் மாண்டதை அவர் தலைமுறை மறக்கவில்லை. நீங்கள் கேட்பது அதுவல்ல, ஒரு மருத்துவருடன் உட்கார்ந்து பேசுவது. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். வாய் குழறினால் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்ல உம்மாவையே வைத்துக்கொள்ளுங்கள்.